சாய்கோடு

காக்கி புக்கிட் தொழிற்பேட்டை, ஏழாம் மாடி.
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
தீவில் எந்த லிஃப்ட் நின்றாலும்
என் காதில்தான் மணி அடிக்கும்.
மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும், விதி.
‘நான் இருக்கேன். உள்ளே எத்தனை பேர்?’
இதை நான்கு மொழியில் சொல்வேன்,
கொஞ்சம் ஹொக்கியனிலும்.
தோ பாயோ மீன்கடைக்காரர் ஒருவர்
மாட்டிக்கொண்ட நாற்பது நிமிடத்தில் சொல்லித்தந்தது.

போன செவ்வாய் என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.
யார் என்று கேட்காதீர்கள்,
என் கேள்வியும் அதுதான்.
‘வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை’ என்றது கடிதம்.
கீழே பொடி எழுத்தில்:
பதில் எழுத வேண்டாம், இந்த முகவரியை யாரும் பார்ப்பதில்லை.

உள்ளே கிடக்கிறது
தீபாவளிக்கு நாற்பத்திரண்டு கேக்.
யாருக்கு முட்டை ஆகாது, யாருக்கு முந்திரி,
பொங்கோல் வீட்டுப் பிள்ளை
தன்யாவா, தான்யாவா.

உதவி என்ற பொத்தானை அழுத்தினேன்.
கேள்விகளின் பட்டியல் வந்தது.
என் கேள்வி அதில் இல்லை.
உதவியாக இருந்ததா என்று கேட்டது.
இல்லை என்றேன்.
நன்றி என்றது.

சிரித்த முகத்தோடு ஒரு ரோபோ வந்தது.
‘மனிதர்’ என்று தட்டினேன்.
மனிதர் பற்றி மூன்று கட்டுரைகள் கிடைத்தன என்றது.

அடையாள அட்டையைக் கேட்டார்கள்.
பொற்கொடி டி/ஓ மருதையன்.
பெயரில் செல்லாத குறி உள்ளது என்றார்கள்.
எனக்கும் அப்பாவுக்கும் நடுவில்
சர்க்கார் போட்ட சாய்கோடு அது,
நாற்பத்தொரு வருஷமாகச் சாய்ந்தபடியே நிற்கிறது, விழவில்லை.
எடுத்துவிட்டு அனுப்பினேன்.
அட்டையோடு பொருந்தவில்லை.
குடும்பப்பெயர் கட்டாயம் என்றார்கள்.
இருப்பதைப் போட்டேன்.
‘வணக்கம், மருதையன்!’
அப்பா போய் ஒன்பது வருஷம்.
அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்,
பிறகு அவருடைய கடவுச்சொல் தவறு என்றார்கள்.

வெள்ளி விடிகாலை இரண்டு நாற்பத்தேழு.
பாசிர் பாஞ்சாங் பக்கம், கண்ணாடிக் கோபுரம், ஆறாம் லிஃப்ட்,
பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே.
முகவரியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.
அவர்களுடைய கட்டடம்.
இரண்டாம் மணியிலேயே எடுத்தேன்.

ஹஃபீஸ் உட்லண்ட்ஸிலிருந்து வர அரை மணியாகும்.
அதுவரை பேச்சு கொடுக்கணும், அதுவும் விதி.
பையன் தஞ்சாவூர்க்காரன், குரலில் வியர்வை.
சாப்பிட்டீங்களா, தண்ணி இருக்கா,
எந்த டிபார்ட்மெண்ட்.
அப்புறம் கேட்டுவிட்டேன்:
‘தம்பி, உங்க கம்பெனிக்குப் போன் பண்ணணும்னா
எந்த நம்பர்?’

விசிறி ஓடும் சத்தம்.

‘ஒரு ஃபாரம் இருக்குக்கா.’
‘அது என் பேரை ஏத்துக்கல.’
‘அப்படியா? அது தப்பாச்சே...’
யாரிடம் சொல்வது என்று யோசித்தான் போல.
யோசித்துக்கொண்டே இருந்தான்.
நான் வாய் திறக்கவில்லை.
ஒரு நிமிஷம் போயிருக்கும்.

‘அக்கா, லைன்ல இருக்கீங்களா?’

‘இருக்கேன்’ என்றேன்.

மூன்று இருபதுக்கு ஹஃபீஸ் கதவைத் திறந்தான்.
பதிவேட்டில் பையன் பெயரை எழுதப் போனேன்.
கல்யாணசுந்தரராமன்.
எங்கள் கட்டமும் பன்னிரண்டு எழுத்துக்குத்தான்,
கல்யாணசுந்த வரைக்கும் வந்து நின்றுவிட்டது.
மீதியை வெளியே, ஓரத்தில்,
பேனாவால் எழுதினேன்.