நான் விற்ற வீடு

ஒன்பது வருடம் குடியிருந்து
விற்றுவிட்டுப் போன வீட்டை
வாங்க வந்தவள் போலப் பார்க்கப் போனேன்.

வால்பரைசோவில் மறுபடியும் வீடு தேடுகிறேன்.
எந்தத் தரகரை நம்புவதென்று தெரியவில்லை.
பல்லைப் பிடித்துப் பார்க்க
அவர்கள் என்ன மாடா?
அப்போதுதான் பொலான்கோ குன்றில்
என் பழைய பால்கனி கண்ணில் பட்டது.
ஒரே கம்பியில் மூன்று பலகைகள்,
மூன்று தரகர்கள், மூன்று தொலைபேசி எண்கள்.
எனக்கு மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த வீடு.
காட்டட்டும்,
யார் எந்த இடத்தில் பொய் சொல்கிறார் பார்ப்போம்.

கொன்சாலோ அரான்சிபியா வருமுன்பே
அவர் பூசிய செண்ட் மாடிப்படி ஏறி வந்தது.
"காலை வெயில் நேரே கட்டிலில் விழும், அம்மா."
விழாது.
பக்கத்து வீட்டுத் தகரச் சுவரைத் தாண்ட
அந்த வெயிலுக்கு ஜனவரி வர வேண்டும்.
வந்தாலும்
சமையலறை மேசையில் நாற்பது நிமிடம், அவ்வளவுதான்.

இரண்டாவது பையனுக்கு
ஒரு காதில் நான், மறு காதில் கைபேசி.
"மத்தியானம் ஒரு ஜெர்மன்காரர் முன்பணத்தோடு வருகிறார்."
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.
இதே கூடத்தில்
நானும் ஒரு பிரெஞ்சுத் தம்பதியை
இல்லாத இடத்திலிருந்து வரவழைத்திருக்கிறேன்.

நெலிதா கார்காமோ இருபது நிமிடம் தாமதம்.
மின்தூக்கி ஓடவில்லையாம்,
குன்று முழுக்க நடந்தே ஏறி
வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.
வீட்டைப் புகழவில்லை.
"பின்கட்டு அறை பத்திரத்தில் இல்லை.
மின்கம்பி பழசு.
கூரையைப் பற்றி எனக்குத் தெரியாது,
ஏறிப் பார்த்தவரை அழைத்து வருகிறேன்."
பிறகு கூடத்தின் நடுவில் நின்று
நாய் போல மோப்பம் பிடித்தாள்.
சிலோயே தீவில் பிறந்தவள்,
வருடத்தில் பாதி நாள் மழை.
ஈரத்தின் வாசனை
அவளுக்குத் தாய்மொழி மாதிரி.

நேராகப் பின்னறைக்குப் போனாள்.
என் அலமாரி அங்கேயே நின்றது.
விற்கும்போது, "இது இலவசம்,
எடுத்துப் போக மனசில்லை" என்றேன்.
வாங்கிய பஸ் டிரைவர் ரிகொபெர்த்தோ
என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார்.

"ஒரு பக்கம் பிடியுங்கள்" என்றாள் நெலிதா.
பிடித்தேன். நகர்த்தினோம்.

சுவரில் கறுப்பாய் ஒரு தேசப்படம்,
நான் விட்டுப் போனதைவிட
இரண்டு மாகாணம் பெருத்திருந்தது.
அலமாரி முதுகில் பிளாஸ்டிக் தாள்,
ஓரமெல்லாம் நீல நாடா.
"தெரியாமல் விற்கவில்லை" என்றாள்,
"தெரியாதவன் பிளாஸ்டிக் ஒட்ட மாட்டான்."
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்.
நான் ஒரு சுவரையே மறைத்திருந்தேன்.
ஜன்னல் திட்டில்
குழந்தைகள் உறிஞ்சும் மூச்சு மருந்துக் குப்பி,
காலியாகி, யாரோ மறந்தது.
அன்றைக்கு ரிகொபெர்த்தோவின் மகள்
இந்த அறைக்குள் ஓடி வந்துதான்
"இது எனக்கு" என்றாள்.

படியிறங்கும்போது
கடலில் ஒரு சரக்குக் கப்பல்
போகவும் இல்லை, நிற்கவும் இல்லை.
நூறு படி வரை ஒன்றும் பேசவில்லை நான்.
நூற்றியோராவதில்,
"அந்த நாடா நான் ஒட்டியது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
"தெரியும்.
எங்கே பிடித்தால் அலமாரி நகருமென்று
உங்கள் கை தேடவே இல்லையே."

ஒரு தெருநாய்க்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.
"அந்த டிரைவரின் எண் இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
"அவரிடம் பேசிவிட்டு என்னிடம் வாருங்கள்.
திங்கட்கிழமை பாரோன் குன்றில் ஒரு வீடு.
கையுறை எடுத்து வாருங்கள், நகர்த்த வேண்டியிருக்கும்.
கமிஷன் இரண்டு சதவீதம்.
குறைக்க மாட்டேன்."