ஒற்று மிகாது

சேவைச் சான்றிதழை நான்தான் அடித்தேன்.
'பதினொரு வருடங்கள் எம்மோடு பணிப்புரிந்தார்.'
சுகிர்தமலர் நின்றபடியே வாசித்தாள்.
கைப்பைக்குள் சிவப்புப் பேனையைத் தேடி எடுத்து
ப் என்ற எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.
"இரண்டாம் வேற்றுமைத் தொகை.
மிகாது, சேர்."
தன் சான்றிதழைத் தானே திருத்தி
என்னிடம் திருப்பித் தந்தாள்.
பிறின்ரரில் மை குறைவு.
இரண்டாம் பிரதி வெளிறித்தான் வந்தது.

மார்ச்சில் நிதி தந்தவர்கள் எழுதியிருந்தார்கள்:
'செயற்றிட்டம் நிறைவுறுகிறது.'
அன்றும் அவள்தான்
நிறைவுறுகிறது என்பதன் கீழே கோடிட்டு
ஓரத்தில் எழுதினாள்:
'நிற்கிறது?'
எதையும் அவள் வெட்டுவதில்லை, கேட்பாள்.

நாற்பத்தேழு புத்தகம் போட்டோம்.
ஒன்றின் நன்றியுரையில் மட்டும் அவள் பெயர் வந்தது,
சுகிர்தாமலர் என்று.
ஆச்சரியப்படட்டுமென்று
அந்த ஒரு பக்கத்தை மட்டும்
அவளுக்குக் காட்டாமல் அச்சுக்குக் கொடுத்திருந்தோம்.

அலோசியஸ் வான் திறப்பை மேசையில் வைத்தான்.
செங்கலடியில் ஒருவர் வாங்கிவிட்டார்,
முட்டை ஏற்றப் போகிறாராம்.
புத்தகத் தட்டுகளைக் கழற்ற வேண்டாம்
அளவு சரியாயிருக்கு என்றாராம்.
குருக்கள்மடத்துத் துறையில்
பாதை வருமட்டும் பின்கதவைத் திறந்து வைப்பான்.
மாடு வாங்கப் போகிறவர், மீன்பெட்டிக்காரர்,
ரியூசனுக்குப் பிந்திய பிள்ளைகள்
வெயிலுக்குள் நின்று வாசிப்பார்கள்.
பாதை கரை தட்டியதும்
பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு ஓடுவார்கள்.
மடிப்பையெல்லாம் நிமிர்த்தி வை என்று
எத்தனை தரம் ஏசியிருப்பேன்.
ஒன்றையும் நிமிர்த்தவில்லையென்று
இன்றைக்குத்தான் சொல்கிறான்.
"மறுகா வருவாங்க சேர்.
விட்ட இடம் தெரியணுமே."

பஸ்மியா கணக்கைப் பூட்டினாள்.
மீதி நூற்றுப் பதினான்கு ரூபா ஐம்பது சதம்,
கடித உறையில், கையொப்பத்தோடு.
கேக்குக்கு வவுச்சர் எழுதவில்லை.
"அது என்ட காசு" என்றாள்,
ஏறாவூர் பேக்கரியின் பெட்டியைத் திறந்துகொண்டே.

நீலக் கிறீமில்
வாழ்த்துக்கள்.

எல்லோரும் சுகிர்தமலரைப் பார்த்தோம்.
அவள் கத்தியை வாங்கி
நடுவில் அந்தக் க் மட்டும் வர
ஒடுக்கமாக ஒரு துண்டு வெட்டி
என் தட்டில் வைத்தாள்.
பஸ்மியா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.
சிரிப்புத்தானா என்று நான் பார்க்கவில்லை.
யன்னலில் கச்சான் காற்று,
வாவியில் ஒரு தோணி ஒரே இடத்தில்.

பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
சட்டைப் பையை விட்டு அது வெளியே வரவில்லை.
அவள் பார்க்காத தாளை
அவள் முன்னாலேயே எப்படி வாசிப்பது?
"றோல்ஸ் இன்னும் இரிக்கு, எடுங்க" என்றேன்.
பதினொரு வருடத்துக்கும் என் உரை அவ்வளவுதான்.

நாலே முக்கால் திருகோணமலை பஸ்.
அங்கே மருந்துக் கம்பனியொன்றில்
பில் அடிக்கும் வேலையாம்.
"மருந்துப் பேரில பிழை விட்டா
ஆள் செத்துப்போகும் சேர்,
இது பரவாயில்ல" என்றபடி படியிறங்கினாள்.
அலோசியஸ் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
முன்னால் போனான்.

விளக்கை அணைக்க முன்
கதவில் ஒட்ட ஓர் அறிவித்தல் வேண்டும்.
மாலையில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.
'வாசகர் நிலையம் தற்காலிகமாக'
அதற்குப் பிறகு பேனை நகரவில்லை.
ப் போட்டேன். வெட்டினேன். திரும்பப் போட்டேன்.
பஸ் வெருகலைத் தாண்டியிருக்கும்.
கேட்டு அனுப்பினேன்:
தற்காலிகமாகப் பூட்டப்பட்டுள்ளது. ஒற்று வருமா?

நுளம்பு கடிக்கக் கடிக்க
படிக்கட்டில் இருந்தேன்.

எட்டு மணிக்குப் பதில் வந்தது.
"ப் வரும் சேர்.
தற்காலிகமாக எண்டது சரிதானா?
ஒருக்காப் பாருங்க."