மார்ச் வரைக்கும்

இருக்கைக்கு அடியில் கம்பி ஏற்கெனவே இருக்கிறது.
வண்டி வாங்கிய அன்றே
அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தாயிற்று.
ஆனாலும் அது சூடேற
மாதம் பதினெட்டு டாலர் கேட்கிறார்கள்.
இதற்குப் பொருத்தமான சொல் ஒன்று எனக்குத் தெரியும்.
கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லக் கூடாது.

நான் வின்னிபெக்கில்
ஒரு கூட்டுறவு வங்கியின் மூன்றாம் கவுன்டர்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே வருகிறவர்கள் முதலில் காலை உதறுவார்கள்,
பிறகு காசு எங்கே போயிற்று என்பார்கள்.
அச்சடித்து நீட்டுவேன்.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
எங்கள் அறிக்கையில்
எறும்புகள் தேதிவாரியாக நிற்கும்:
கதவு மணிக்கு நாலு தொண்ணூற்றொன்பது,
ஒரே ஒரு தரம் ஓடிப் பார்த்த ஜிம்முக்கு இருபத்தொன்று,
மை தீராதபோதும் மை அனுப்பும் பிரிண்டருக்கு ஏழரை,
யாரும் திறந்து பார்க்காத போட்டோக்கள்
படுத்துக் கிடக்க மூன்று.

திருட்டு என்று சொல்ல வழியில்லை.
அதுதான் எரிச்சல்.
திருடன் ராத்திரி வருவான், ஒரு தடவை வருவான்,
மாட்டிக்கொண்டால் முகம் தொங்கும்.
இவை ஒன்றாம் தேதி வந்து
நன்றி சொல்லிவிட்டுப் போகின்றன.

என் கருத்தை யாரும் கேட்பதில்லை, சொல்கிறேன்:
எவ்வளவு குறைத்தால் நாம் மறந்துபோவோம் என்று
எங்கோ ஓர் அறையில் கணக்குப் போட்டு
அதற்கும் ஒரு காசு கீழே வைத்த தொகைக்கு
மலிவு என்று பெயர்.

பிப்ரவரியில் ஓரெஸ்ட் ஹ்ரிட்சுக் வந்தார்.
தம்பி லூபோமிர் இறந்து ஐந்து வாரம்.
சான்றிதழின் மேல் ஈரக் கையுறை.
இருவருமாகப் பட்டியலை அடித்துக்கொண்டே வந்தோம்.
ஹாக்கி சேனல். அடி.
தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம். அடி.
(இந்த ஐந்து வாரமாக அது எதை அளந்தது என்று
நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.)
ஒரு கம்பெனி, ரத்து செய்ய
வாடிக்கையாளரின் முகம் வேண்டும் என்றது.
கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டுமாம்.
"செய்ய மாட்டான்" என்றார் ஓரெஸ்ட்.
"உயிரோடு இருந்தபோதே போட்டோவுக்கு முறைப்பான்."

கடைசியாக, நவம்பரில் ஒரு வரி:
இருக்கைச் சூடு, ஐந்து மாதத்துக்கு எழுபத்திரண்டு.
மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம்.
அடுத்த நவம்பரில் தானே புதுப்பித்துக்கொள்ளும்.
அடித்தோம்.
மீதி நாளுக்குப் பணம் திரும்ப வருமா?
வராது.

லூபோமிர் பஸ் டெப்போவில் காலை ஷிஃப்ட்.
தினமும் ஐந்து நாற்பதுக்குச் சூடேறு என்று
வண்டியிடம் சொல்லி வைத்திருந்தார்.
வண்டிக்கு யாரும் சாவுச் செய்தி சொல்லவில்லை.
கூரையில் முழங்கையளவு பனியோடு,
சுவரில் செருகிய வயரோடு,
இருட்டில் அதன் விளக்கு எரிகிறது.
நாலு இருக்கை உறைந்து கிடக்க
ஓட்டுநர் இருக்கை மட்டும்
ஓர் ஆள் எழுந்துபோன சூட்டில் இருக்கிறது.

இப்போது அழுவார் என்று
நான் டிஷ்யூ பெட்டியை லேசாகத் தள்ளினேன்.

"மார்ச் வரைக்கும் கட்டியிருக்கிறான்" என்றார்.
"திருப்பித் தர மாட்டார்கள். நான் விடுவேனா?
தினமும் ஐந்து முப்பத்தெட்டுக்கே போய் உட்கார்கிறேன்.
காபியும் அங்கேதான்.
வீட்டில் ஹீட்டரைப் பதினாறில் வைத்துவிட்டேன்."

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
நாளொன்றுக்கு நாற்பத்தெட்டு காசு.
இந்த ஊரில் அந்த விலைக்கு
வேறெதுவும் சூடாகக் கிடைக்காது.
தோற்றுப்போனேன், ஒப்புக்கொள்கிறேன்.

எழுந்தவர், அறிக்கையின் நகல் ஒன்று கேட்டார்.
மூடிய கணக்கின் நகலுக்கு
எங்கள் கட்டணம் ஒரு டாலர் ஐம்பது.
கேட்பது என் வேலை.
கேட்டேன்.

ஒரு டாலர் நாணயம் ஒன்று, கால் டாலர் இரண்டு.
கையுறையைக் கழற்றாமலே
எண்ணி வைத்தார்.