எந்தச் சத்தம்?

வீட்டில் அலறும்,
சர்வீஸ் சென்டர் வாசலில் வாயைப் பொத்திக்கொள்ளும்.
இது மூன்றாவது முறை.

எமெட்டிடம் அடுக்கினேன்:
பின்கதவு பாதி திறந்து யோசிக்கிறது,
குளிர் கூடினால் திரை கறுத்துவிடுகிறது,
காலி இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி நச்சரிக்கிறது.
அதெல்லாம் கிடக்கட்டும்,
அந்தச் சத்தம்.

"எந்தச் சத்தம்?"

நெப்ராஸ்காவின் நேர்கோட்டுச் சாலை.
இருபுறமும் அறுத்துவிட்ட சோளத்தட்டை.
அவர் ஓட்ட, நான் காதைத் தீட்ட,
அறுபது மைல், எழுபது மைல்,
பூனைபோல் போகிறது வண்டி.

இன்னும் நாற்பத்தொரு தவணை பாக்கி என்றேன்,
ஏனோ.
தலையாட்டினார்.
'குறை ஏதுமில்லை' என்று எழுதப்போகும் பேனா
அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து
பிஸ்கட் தூள் அப்பிய வாயோடு
ஓட்டோ தொடங்கினான்:
ஊம்ம்ம்... ஊம்ம்ம்... கட்.
கைகளால் ஸ்டியரிங் பிடித்து
இடப்பக்கம் திரும்புகையில் ஓங்கி,
வலப்பக்கம் தணிந்து,
ஒரு மாதமாய்க் கேட்டதைப் பிசிறில்லாமல்.

எமெட் ஓரங்கட்டினார்.
"இன்னொரு தரம் செய், தம்பி."
கண்ணை மூடிக் கேட்டார்.

"முன்சக்கரம். வலப்பக்கத்து பேரிங்."

மாற்றியாயிற்று, வாரண்டியில்.
சத்தம் இப்போது ஓட்டோவிடம்தான் இருக்கிறது,
ஒரு வளைவும் தவறுவதில்லை.

பின்கதவு
இன்னும் யோசிக்கிறது.