மண்டோர் ஒப்பம்

காலை ஐந்தரைக்குப் பெரட்டு.
டார்ச் வெளிச்சத்தில் பேர் கூப்பிடுவேன்.
நூற்றுப் பதினான்கு பேர்.
"இருக்கேன்" என்று தமிழில் பதினேழு குரல்,
மிச்சமெல்லாம் நேப்பாளம், வங்காளம், லொம்போக்.
எந்த மொழியில் வந்தாலும் அந்தச் சொல்
கொஞ்சம் குனிந்துதான் வரும்.

பதினெட்டு வருஷமாக மண்டோர்.
பெடோங் சபையில் ஒன்பது வருஷமாக மூப்பர்.
இரண்டு இடத்துக்கும் சட்டைப்பையில் ஒரே பேனா.

பேனாவைக் குறை சொல்ல மாட்டேன்.
போன மழைக்கு முன்னால் தில் பகதூர்
முகமூடி இல்லாமல் மருந்து பம்பைத் தோளில் மாட்டப் போனான்.
வேலைத்தாளில் குறுக்கே கோடு போட்டு
'மாஸ்க் வரும்வரை மருந்தடிப்பு இல்லை'
என்று எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன்.
ஜீப்பில் வந்து கத்தினார் மேனேஜர்.
நகரவில்லை நான். அந்தப் பையனுக்கு முன்னால் நின்றேன்.
இந்தப் பதவி எதற்கென்று
உடம்புக்கே தெரிந்த நாள் அது.

சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னேன்.
சீலி மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.
சொல்லி முடித்து, ஒரு வாய் சாப்பிட்டு,
"யாரைக் கேட்டு உப்பைக் குறைச்சே?" என்றேன்.

யாரைக் கேட்டு டியூஷனை மாற்றினாய்.
யாரைக் கேட்டுப் பாடகர் குழுவில் பேர் கொடுத்தாய்.
யாரைக் கேட்டு அக்காவுக்கு ஐம்பது வெள்ளி.
கை நீட்டியதில்லை ஒருநாளும்;
அதைச் சபையில் சாட்சியாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வியாழன் இரவு
தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது.
எஸ்டேட் லீவு பாரம், என் பையிலிருந்தே எடுத்தது.
பெயர்: ஜெயசீலி.
வேலை என்ற இடத்தில் ஒரு கோடு.
காரணம்: தைப்பிங்கில் அக்காவுக்கு ஆபரேஷன்.
நாள்: நான்கு.
மண்டோர் ஒப்பம் என்ற இடம் காலி.

கோபமாக வைக்கவில்லை. கிண்டலும் இல்லை.
ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
நான் கையெழுத்துப் போட்டேன்.
தேதி எழுதினேன்.
நகலைக் கிழித்து நீட்டிய பிறகுதான்
நீட்டிய கை அப்படியே நின்றது.
அவள் அதை வாங்கி, நாலாக மடித்து, பர்சில் வைத்தாள்.

ஞாயிறு வேதம் வாசிக்கும் முறை என்னுடையது.
இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டவரின் பகுதி.
ஏற்ற இறக்கத்தோடு எத்தனையோ தடவை வாசித்ததுதான்.
அன்றைக்கு, அவர் குனிவதற்கு முந்தின வரியில்
கண் மாட்டிக்கொண்டது:
எல்லாம் தம் கையில் இருக்கிறது என்று தெரிந்துதான் எழுந்திருக்கிறார்.
எல்லாம் இருந்த கையில்
தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் இடம் இருந்திருக்கிறது.
என் கையில் ஒரு பேனா.
அதற்கே இடம் போதவில்லை.

சபை ஆமென் சொன்னது.
நான் பக்கம் திருப்புவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கள் மாலை பஸ் ஸ்டாண்டில் மோட்டாரோடு நின்றேன்.
வந்து இறங்கினாள், கையில் அக்கா கொடுத்த பலாக்கொட்டை.
என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள்,
லேட்டாகிவிட்டதோ என்று.
அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

செம்பனை லாரி ஒன்று உதிரி சிந்திக்கொண்டு போனது.
"சபைத் தலைவரா நிக்கச் சொல்றாங்க" என்றேன்.
"உன்னைக் கேக்காம பதில் சொல்லல. நிக்கட்டுமா?"

பின்னால் ஏறி உட்கார்ந்தவள்
சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.
"இது கேள்வியா, பெரட்டா?"

மோட்டாரை அணைத்தேன்.
காத்திருக்கப் பழகாத என் கை
ஹாண்டிலிலிருந்து இறங்கி
மடியில் கிடந்தது.
இருட்டிக்கொண்டு வந்தது.
அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.