புல் எப்படி இருக்கு

ஞாயிறு மாலை ஐந்தே காலுக்கு
பாரிசிலிருந்து முசியே ழெரார் கூப்பிடுவார்.
"புல் எப்படி இருக்கு, மங்கவரம்?"

போனைத் திருப்பிக் காட்டுவேன்.
திருப்ப ஒரு கணக்கு இருக்கிறது.
கேட்டிலிருந்து நந்தியாவட்டை வரைதான்.
அதற்கு இந்தப் பக்கம் கூடாது.
இந்தப் பக்கம் பதினோரு வட்டம்,
தோசை கருகின நிறம்.
ஓரத்தில் மட்டும், வேறெங்கும் இல்லாத
கரும்பச்சை.

காலாப்பட்டு நர்சரியிலிருந்து
குட்டியானையில் வந்து இறங்கிய புல்.
உரக்கடைக்காரர் சொன்னார்:
"நாய் மூத்திரமும் யூரியாதாம்மா.
நடுவுல கொட்டுது, எரியுது.
ஓரத்துல தெறிக்குது, தழைக்குது.
மத்தது சாணி மாதிரின்னு விட்டுடாத.
அது உரமில்ல."

காலையில் கொட்டாங்கச்சியும் பழைய பேப்பருமாகக்
குனிந்து எடுப்பேன்.
ஒருநாள் தவறினால்
அடியில் புல் வெளுத்திருக்கும்,
கட்டுப் பிரித்த விரல் போல.
ஐப்பசி மழையில் மூன்று நாள் குனியவில்லை.
கரைந்து எல்லா இடமும் போய்விட்டது.
செருப்பில்லாமல் பந்து பொறுக்கிய என் மகனுக்கு
பாதத்தில் அரிப்பு,
தோலுக்கடியில் கோணல்மாணலாய் ஒரு கோடு.
புழு நடந்த தடம் என்றார்கள் ஜிப்மரில்.
அதை முசியேவிடம் சொல்லவில்லை.

அவர் வாயில் பிழூ, எங்கள் வாயில் பிஜு.
கூடையில் கொண்டுவந்தவர் அவர்தான்.
ஃபிளைட்டில் ஏற்ற
ஏதோ காகிதம் சரியில்லையாம்.
வாரம் தவறாமல் புல்லைக் கேட்கிறார்.

போன ஞாயிறு சிக்னல் நன்றாக இருந்தது.
"மங்கவரம்" என்று குரல் பளிச்சென்று வந்ததும்
மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள்.
போனை நக்கினாள்.
போனுக்குப் பின்பக்கம் போய்
ஆள் இருக்கிறாரா என்று பார்த்தாள்.
பிறகு சந்தோஷம் தாங்காமல்,
காட்டுவதற்கென்று நான் காப்பாற்றி வைத்திருந்த
அந்தப் பக்கத்திலேயே
உட்கார்ந்து பெய்தாள்.

அவர் பேசவில்லை.
படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.
போனைப் புல்மேல் வைத்துவிட்டு
வாளிக்கு ஓடினேன்.
உடனே தண்ணீர் ஊற்றினால் கருகாது.

திரும்பி வந்தபோது
அவர் முகம் புல்லில் மல்லாந்து கிடந்தது.
"பிழூ... பிழூ..."
பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல
அவ்வளவு மெதுவாக.

அவள் அதற்குள் கேட்டடியில்
மீன்கார அம்மாவின் வண்டியைப் பார்த்துக்
குரைத்துக்கொண்டிருந்தாள்.
போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு
ஊற்றினேன்.