தேடல் பெட்டிக்கு மேலே ஒரு கொக்கு

புதன்கிழமை காலை, மினியாபொலிஸ்,
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
ஆறாவது மாடிக் கூட்ட அறையில்
மெர்வினைத் திரையில் நிறுத்திவைத்திருந்தார்கள்.
மூக்குக்கண்ணாடி, பச்சை வெயிஸ்ட்கோட்,
ஒற்றைக் கால்.
எட்டு வருடம் எங்கள் தேடல் பெட்டிக்கு மேலே நின்ற கொக்கு.

தோரா லிண்ட்வாலின் கையிலிருந்து ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி
அவன் கழுத்தில் ஊர்ந்தது.
"நம்பகம், நூற்றுக்கு எழுபத்தொன்று.
வேகம், நூற்றுக்குப் பன்னிரண்டு.
இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள்
இவனை வங்கி விளம்பரம் என்று நினைக்கிறார்கள்."
யாரோ சிரித்தார்கள். நானும்தான்.

கொக்குக்கு ஒன்றே மதி.
கம்பெனிக்குக் காலாண்டுக்கு ஒன்று.

என் வேலை பதிவேடு.
உலகம் அந்தப் பெட்டிக்குள் தட்டுவதை
இரவில் வாசித்து, குப்பை கழித்து, எண்ணிச் சொல்வது.
பெயர் இருக்காது, முகம் இருக்காது,
நேரமும் கேள்வியும் மட்டும்.
மற்ற இடங்களில் மனிதர்கள் சொற்களை வீசுவார்கள்:
குழாய் ஒழுகல். மலிவு விமானம். மார்வலி இடதுபக்கம்.
எங்களிடம் மட்டும்
"மெர்வின், தயவுசெய்து" என்று தொடங்கினார்கள்.
"மெர்வின், என் மகன் மூன்று நாளாகப் பேசவில்லை,
பதினாறு வயது, இது சகஜமா"
"மெர்வின் நீ தூங்குவாயா"
விடை கிடைத்த பிறகும்
அதிகாலை 3:12க்குத் திரும்பவும் பெட்டியைத் திறந்து
"நன்றி" என்று மட்டும் தேடியவர்கள்
ஒரே மாதத்தில் நாலாயிரம் பேர்.
அந்த எண்ணை அறிக்கையில் எழுதியவன் நான்,
பொருளற்ற தேடல்கள் என்ற தலைப்பின் கீழ்.

வரைந்தவர் எல்டன் ப்ரூசக்.
செயின்ட் பாலில், பல் மருத்துவமனைக்கு மேலே வீடு.
யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று தெரிந்ததால்
நான்தான் போன் செய்தேன்.
"வெயிஸ்ட்கோட் என் யோசனை இல்லை," என்றார் முதலில்.
பிறகு வெகுநேரம்
கீழிருந்து பல் துளைக்கும் சத்தம்.
"இரண்டாவது காலை எப்படி வரைவது என்று தெரியாமல்தான்
மடக்கி மறைத்தேன்.
அதைப் பொறுமை என்றார்கள்."

வெள்ளிக்கிழமை புதிய சின்னம் வந்தது.
நீல வட்டம். சற்றே சாய்ந்தது.
சாய்வுக்கு மட்டும் முப்பது பக்க விளக்கம்.
கம்பெனிப் பெயரிலும் ஓர் எழுத்து குறைந்தது,
எது என்று இப்போது நினைவில்லை.

கண்காட்சிகளில் கொக்கு உடைக்குள் வியர்த்தவன் பெங் ஷாங்,
கணக்குப் பிரிவு, பாதி நேர வேலை.
உடையை என்ன செய்வது என்று கேட்டான், யாருக்கும் தெரியவில்லை.
வீட்டுக்கு எடுத்துப் போகும்போது
அலகு பின்சீட்டில் அடங்காமல்
கண்ணாடியை இறக்கி வெளியே நீட்டிவிட்டான்.
நெடுஞ்சாலையில், அந்தக் குளிரில்,
பின்னால் வந்த லாரிகள் விடாமல் ஹாரன் அடித்தனவாம்.
மரியாதையா கேலியா,
காது உறைந்துபோனதால் பிடிபடவில்லை என்றான்.

திங்கள் இரவு பதிவேட்டில்:
"மெர்வின் ஏரி ஐஸ் மேல நடகலாமா"
குழந்தையின் விரல்.
முன்பு இதற்கு அவன் சொல்வான்,
(நாங்கள் எழுதிக்கொடுத்ததுதான்)
நான்கு அங்குலமாவது வேண்டும்,
பெரியவர் ஒருவரைத் துளையிட்டு அளக்கச் சொல்,
அதுவரை நான் கரையில் நிற்கிறேன், நீயும் நில்.
இப்போது பன்னிரண்டு லட்சம் முடிவுகள்,
கண்ணிமைக்கும் நேரத்தில்.
முதல் மூன்று, துளைக்கருவி விற்பவர்கள்.
நாலாவதை அந்தக் குழந்தை திறந்ததா,
பதிவேடு சொல்லாது.

காத்திருந்தேன்.
ஜன்னலுக்குக் கீழே மிசிசிப்பி
இரு கரையும் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது.
நான்கு நிமிடம். ஒன்பது நிமிடம்.
காபி இயந்திரம் தானாகவே அணைந்தது.

9:26க்கு, அதே இடத்திலிருந்து,
"மெர்வின் எங்க"

எந்தத் தலைப்பின் கீழ் போடுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.